புளூஸ் வாசித்த அதே கை

வியாழன் – வில்லா ரிக்கா, அட்லாண்டா

அட்லாண்டாவிலிருந்து மேற்கே ஐ-20 சாலையைப் பிடித்தால் வில்லா ரிக்கா சுமார் 35 மைல். அக்கா மகன் வண்டி ஓட்டினான். "அங்கே பார்க்க என்ன இருக்கு மாமா?" என்று பாதி வழியில் கேட்டான். கண்ணுக்கு விருந்தாக எதுவும் இல்லை. ஊருக்கு நடுவே ரயில் பாதை, பழைய செங்கல் கடைகள், ஒரு காலத்தில் இங்கே தங்கம் தோண்டியதைச் சொல்லும் ஓர் அருங்காட்சியகம். அப்புறம், தாமஸ் ஆண்ட்ரூ டார்சி பிறந்த ஊர் இது என்று சொல்லும் பலகை. அதற்காகத்தான் வந்தோம்.

டார்சியைத் தெரியாதவர்களுக்கு: "டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்" பாட்டை எழுதியவர். கறுப்பினச் சபைகளில் வளர்ந்த பக்திப் பாட்டான காஸ்பல் இசையின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் அவருக்கு 'ஜார்ஜியா டாம்' என்று பெயர்; கறுப்பின மக்கள் மனப்பாரத்தைப் பாடும் புளூஸ் இசையில் பியானோக்காரர். ஸ்விங் இசைக்குழு நடத்திய டாமி டார்சி வேறு ஆள், வெள்ளைக்காரர். அந்தப் பாட்டை எழுதியது டாமி டார்சிதான் என்று ஒரு தகவல் பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள். ஒரு மனிதர் தன் மனைவியையும் பிள்ளையையும் புதைத்துவிட்டு எழுதிய பாட்டு அது. அது அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

நான் சபையில் ஆர்கன் வாசிக்கிறவன். மேடைக் கலைஞர்களின் சாட்சிகளை நிறையக் கேட்டிருக்கிறேன். பாடினேன், குடித்தேன், ஒரு நாள் ஆண்டவர் தொட்டார், அன்றோடு எல்லாவற்றையும் விட்டேன் என்று சொல்வார்கள். அவற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். பலருடைய வாழ்க்கை அப்படித்தான் மாறியிருக்கிறது. டார்சியின் வாழ்க்கை அப்படி ஒரே நாளில் மாறவில்லை. மனந்திரும்பினார், பின்வாங்கிப் போனார், மறுபடி திரும்பினார், மறுபடியும் போனார். கடைசியாக வந்தபோதும் புளூஸ் வாசித்த கையோடுதான் கோவிலுக்குள் வந்தார். சாட்சி சொல்லும் மேடையில் இப்படிப்பட்ட வாழ்க்கைக்கு இடம் கிடைப்பது அரிது. அதனால்தான் அவர் போன வழியே போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

1899 ஜூலை 1-ஆம் தேதி இங்கே பிறந்தார். அப்பா பாப்டிஸ்ட் போதகர். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்வார், அது வயிற்றுக்குப் போதாமல் குத்தகை நிலத்தில் உழுவார். அம்மா எட்டாவிடம் ஒரு ஆர்கன் இருந்தது. கறுப்பினக் குத்தகை விவசாயி வீட்டில் அந்தக் காலத்தில் ஆர்கன் இருந்தது பெரிய விஷயம். வீட்டுக்குள் அம்மாவின் ஞானப்பாட்டு; வெளியே வயலில் வேலை செய்கிறவர்களின் முனகல் பாட்டு. இரண்டும் ஒரே காதில்தான் விழுந்திருக்கும்.

1908 வாக்கில் குடும்பம் பிழைப்புத் தேடி அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்தது. மத்தியானத்துக்கு மேல் நாங்களும் திரும்பி வந்து டிகேட்டர் தெருவில் நடந்தோம். இங்கே '81 தியேட்டர்' என்று ஒரு கொட்டகை இருந்தது. அதில் சிறுவன் டார்சி சோடா விற்றான். பள்ளிக்கூடத்தில் அவனை ஒரு வகுப்பு கீழே இறக்கிவிட்டார்கள். கூடப் படித்தவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. சீக்கிரமே படிப்பை விட்டுவிட்டான். கொட்டகையில் பியானோ வாசித்தவர்களின் விரலைப் பார்த்துப் பார்த்தே பாடம் கற்றுக்கொண்டான். கொட்டகை இப்போது இல்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் சுற்றிலும் நிற்கின்றன. மாணவர்கள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வேகமாகக் கடந்து போகிறார்கள்.

வெள்ளி – கொலம்பஸ்

இன்று தென்மேற்கே கொலம்பஸ் நகரம். ஐந்தாம் அவென்யூவில் மா ரெய்னியின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. இரண்டு மாடி மரவீடு. 'புளூஸின் தாய்' என்று அழைக்கப்பட்டவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு.

டார்சி கதையில் இந்த அம்மாவைத் தாண்டிப் போக முடியாது. 1924-ல் இவருக்காக 'வைல்ட் கேட்ஸ்' என்ற ஐவர் குழுவைச் சேர்த்து நடத்தியவர் டார்சி. சிகாகோவின் கிராண்ட் தியேட்டரில் முதல் நிகழ்ச்சி. அதைப் பற்றி டார்சியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். திரை விலகும்போது மேடையில் ஆளுயரத்துக்கும் மேலான ஒரு பெரிய கிராமபோன் பெட்டி. ஒரு பெண் வந்து அதில் இசைத்தட்டை வைப்பாள். பெட்டிக்குள்ளிருந்து பாட்டுக் கேட்கும். கொஞ்ச நேரம் பாடிவிட்டு, பெட்டியின் கதவைத் திறந்துகொண்டு மா ரெய்னியே வெளிச்சத்துக்குள் நடந்து வருவார். கழுத்தில் தங்கக் காசு மாலை, வாயில் தங்கப் பல், உடம்பெல்லாம் மினுக்கும் உடை. கொட்டகை அதிரும். பியானோவில் உட்கார்ந்திருந்த டார்சிக்கு அப்போது 25 வயதுகூட நிரம்பவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதற்கு மூன்று வருடம் முன்பே அவர் மனந்திரும்பியிருந்தார்! 1921-ல் சிகாகோவில் தேசிய பாப்டிஸ்ட் மாநாட்டில் நிக்ஸ் என்ற போதகர் பாடியதைக் கேட்டு உள்ளம் உடைந்தவர். நிக்ஸ் அந்தப் பாட்டைப் புத்தகத்தில் இருந்தபடி பாடவில்லை. சில சுரங்களை இழுத்தார், வளைத்தார், நினைத்த இடத்தில் நிறுத்தினார். புளூஸ்காரர்கள் செய்கிற வேலை அது. டார்சியின் காதுக்கு அது உடனே பிடிபட்டது. அந்தச் சமயத்தில் சிகாகோவில் ஒரு சிறிய சபையில் இசைப் பொறுப்பும் ஏற்றுக்கொண்டார். ஆனால் வாரம் 40 டாலர் தருகிறோம் என்று ஒரு நடனக் குழு கூப்பிட்டபோது போய்விட்டார். சபையால் அந்தச் சம்பளம் கொடுக்க முடியுமா? வீட்டு வாடகை கட்ட வேண்டிய இளைஞன். நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

1925-ல் நெட்டி ஹார்ப்பரைக் கல்யாணம் செய்துகொண்டார். புது மனைவியைப் பிரிந்திருக்க வேண்டாம் என்று, சுற்றுப்பயணத்தில் தன் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மா ரெய்னி நெட்டிக்குக் கொடுத்தார். நல்ல மனசு. நெட்டியைப் பற்றிக் கிடைக்கும் செய்திகள் கொஞ்சம்தான். மேடைக்குப் பின்னால் அந்த மினுக்கும் உடைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்த பெண்ணை நினைத்துக்கொண்டே அறை அறையாகச் சுற்றி வந்தேன்.

மா ரெய்னியும் பிற்காலத்தில் மேடையை விட்டுவிட்டு, இந்த ஊரில் தன் சகோதரர் ஊழியம் செய்த பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்துகொண்டார். 1939 டிசம்பரில் இறந்தார்.

சனி – சிகாகோ

காலை விமானம். இறங்கியதும் நேராகத் தெற்குப் பகுதிக்கு, பிரான்ஸ்வில். மார்ட்டின் லூதர் கிங் சாலையின் ஆரம்பத்தில், 26-ஆவது தெரு பக்கம், ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. கையில் கயிறு கட்டிய பெட்டியோடு வடக்கே பார்த்து நிற்கும் மனிதன். கிட்டே போய்ப் பார்த்தால் அவன் சட்டை, கால்சட்டை எல்லாமே தேய்ந்து போன செருப்பு அடிகள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி உடையாக்கியிருக்கிறார்கள். ஓட்டை விழுந்த அடிகள்கூட இருக்கின்றன. தெற்கிலிருந்து வடக்கே நடந்த மாபெரும் குடிபெயர்ச்சிக்கான நினைவுச்சின்னம் அது. சிகாகோவில் 1910-ல் கறுப்பின மக்கள் சுமார் 44,000 பேர். 1930-ல் 2,34,000 பேர். அந்தக் கூட்டத்தில் ஒருவராக 1916 வாக்கில் டார்சி வந்தார்.

வந்தவர் வீட்டு விருந்துகளில் வாசித்தார். வாடகை கட்டப் பணமில்லாதவர்கள் வீட்டிலேயே விருந்து வைத்து, வருகிறவர்களிடம் காசு வாங்கி வாடகையைச் சமாளிப்பார்கள். சத்தம் அதிகமானால் போலீஸ் வரும். அதனால் டார்சி மெதுவாக வாசிக்கப் பழகினார். கிசுகிசுக்கிற பியானோக்காரர் என்றே அவருக்குப் பெயர் வந்தது. ஆர்கன் வாசிக்கிறவன் என்ற முறையில் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. மெதுவாக வாசித்து ஒரு அறையைக் கட்டிப்போடுவது சத்தமாக வாசிப்பதைவிட எவ்வளவோ கஷ்டம். பிற்காலத்தில் அவருடைய ஆராதனைப் பாட்டுகளில் இருக்கிற அந்த நெருக்கம் இங்கே, போலீஸுக்குப் பயந்த அறைகளில், பழகியது.

1926-ல் விழுந்தார். மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தடுமாற்றம். அப்புறம் வாசிக்கவே முடியவில்லை. ஏறக்குறைய இரண்டு வருடம் வேலை இல்லை, சாப்பிட முடியவில்லை, சாகலாமா என்றுகூட எண்ணினார். நெட்டி வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினார். மன அழுத்தம் என்று நாம் இன்று சொல்வோம். முன்பு ஒரு முறையும் அவருக்கு இப்படி வந்திருக்கிறது. வைத்தியம் எதுவும் கேட்காத நிலையில், 1928-ல் அண்ணி அவரை ஒரு சபைக்குக் கூட்டிப் போனார். பிஷப் ஹேலி என்பவர் ஜெபித்தார். கர்த்தர் உனக்கு நிறைய வேலை வைத்திருக்கிறார், சாக விடமாட்டார் என்ற பொருளில் பேசினார். தன் தொண்டையிலிருந்து உயிருள்ள பாம்பு ஒன்றைப் பிஷப் வெளியே இழுத்ததாக டார்சி சொல்லியிருக்கிறார். படிக்கிறவர்கள் அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் அவர் எழுந்து நடந்தார், பியானோவில் உட்கார்ந்தார் என்பது வரலாறு.

கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டு இளைஞன் ஒருவன் திடீரென்று நோய் கண்டு ஒரே இரவில் செத்துப்போனான். டார்சி பேனாவை எடுத்தார். அதுதான் அவருடைய முதல் காஸ்பல் புளூஸ். மீட்பரைக் கண்டால் என்னையும் கண்டதாகச் சொல் என்று சாகிறவனிடம் கேட்கிற பாட்டு.

கதை இங்கே முடிந்தால் சாட்சி மேடைக்குச் சரியாக இருக்கும். ஆனால் அதே 1928 அக்டோபரில் டாம்பா ரெட் என்ற கிட்டார்க்காரரோடு இரட்டை அர்த்தப் பாட்டு ஒன்றை இசைத்தட்டில் பதிந்தார். எக்கச்சக்கமாக விற்றது. முதல் காசோலையே இரண்டாயிரம் டாலருக்கு மேல். சபைகளுக்கு அனுப்பிய பாட்டுக்கு மாதக் கணக்கில் பதிலே இல்லை. படுக்கையறைப் பாட்டுக்கோ பணம் கொட்டியது. அடுத்த சில வருடம் ஜார்ஜியா டாமும் போதகர் மகனும் ஒரே சட்டைக்குள் வாழ்ந்தார்கள்.

இதை நான் மறைக்க விரும்பவில்லை. அவரும் மறைக்கவில்லை. இரட்சிப்பு ஒரு கணத்தில் வரலாம். பழகிய கையும் வயிறும் அதற்குப் பின்னால் நடந்துதான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

ஞாயிறு – சிகாகோ

தெற்குப் பகுதியில் ஒரு பாப்டிஸ்ட் சபையில் காலை ஆராதனைக்குப் போனேன். வாசலில் வெள்ளைக் கையுறை போட்ட அம்மாக்கள் ஆளுக்கொரு அட்டை விசிறி கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். பாடகர் குழு பின்னாலிருந்து அடிவைத்து ஆடிக்கொண்டே வந்தது. ஹேமண்ட் ஆர்கன்காரர் ஓர் இளைஞன். போதகர் ஜெபிக்கும்போது அவர் சொல்கிற ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு சுரம் வைத்துக்கொண்டே போனான். கண் போதகரின் முதுகிலேயே இருந்தது. போதகர் மூச்சு வாங்கினால் இவன் வாங்குகிறான், அவர் குரல் ஏறினால் இவன் கை ஏறுகிறது. நான் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெடல் எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியவில்லை.

இதெல்லாம் இன்று சாதாரணம். 1930-ல் இப்படி ஒரு சபையில் நடந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பார்கள். சிகாகோவின் பெரிய கறுப்பினச் சபைகள் ஹேண்டல், மொஸார்ட் பாடுவதைப் பெருமையாக நினைத்த காலம். தெற்கிலிருந்து வந்த ஏழைகளின் கைதட்டலும் அழுகையும் அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. புளூஸ்காரன் பாட்டைப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் கொண்டு வருவதா? சிறந்த சபைகள் பலவற்றிலிருந்து என்னை வெளியேற்றியிருக்கிறார்கள் என்று டார்சி பிற்காலத்தில் சொல்வதுண்டு.

1930-ல் தேசிய பாப்டிஸ்ட் மாநாடு மறுபடி சிகாகோவில் கூடியபோது, பக்கத்து வீட்டு இளைஞன் இறந்தபோது எழுதிய அந்தப் பாட்டை ஒரு பெண் எழுந்து பாட, கூட்டம் கரைந்தது. மாநாடு முடிவதற்குள் 4,000 பிரதிகள் விற்றன. அடுத்த வருடம் தியடோர் ஃப்ரையோடு சேர்ந்து எபனேசர் பாப்டிஸ்ட் சபையில் காஸ்பல் பாடகர் குழுவைத் தொடங்கினார். 1932-ல் பில்கிரிம் சபை அவரை அழைத்துக்கொண்டது. புளூஸ் மேடையை அதோடு விட்டார்.

அந்த நாளில்தான் சேலி மார்ட்டின் வந்து சேர்ந்தார். இசைக் குறிப்பு வாசிக்கத் தெரியாது, கரகரத்த குரல்; ஆனால் கணக்கில் புலி. டார்சி பாட்டு விற்ற காசை இழுப்பறையில் போட்டு வைத்துவிட்டு, கேட்கிறவர்கள் எடுத்துக்கொள்ள விட்டிருந்தார். கையில் பெரிய சொத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறாய் என்று கண்டித்து, அந்தக் கடையை வியாபாரமாக நிமிர்த்தியவர் அவர்தான். ஊர் ஊராகப் போய்க் குழுக்களைத் தொடங்கியதும் அவரே. காஸ்பலின் தந்தை என்று சொல்லும் அதே மூச்சில் இந்த அம்மாவையும் சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை.

நமக்கு இது அந்நியமான சண்டை இல்லை. தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் ராகத்தையும் தாளத்தையும் குறவஞ்சியையும் கிறிஸ்துவுக்குக் கொண்டு வந்தவர். இன்று நம் சபைகளில் பாமாலை முடிந்ததும் கீர்த்தனை எடுக்கிறோம் என்றால் அந்த வழியில் நடந்து வந்ததால்தான். கச்சேரிச் சத்தம் கோவிலுக்கு எதற்கு என்று முகம் சுளிக்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள்.

ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் இருந்த பாட்டியம்மாவிடம், டார்சிக்காக வந்திருக்கிறேன் என்றேன். "நானும் அவரால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், மகனே" என்றார். அவருடைய அம்மா மிசிசிப்பியிலிருந்து வந்து, பெரிய சபை ஒன்றில் பின்வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவராம். அப்புறம் தனக்குத் தெரிந்த பாட்டுப் பாடுகிற சபை இருக்கிறது என்று கேள்விப்பட்டு இடம் மாறினாராம்.

திங்கள் – சிகாகோ

இண்டியானா அவென்யூவும் 33-ஆவது தெருவும் சேரும் இடத்தில் பில்கிரிம் பாப்டிஸ்ட் சபையின் கட்டடம். கட்டடம் என்று சொல்வதைவிடச் சுவர்கள் என்று சொல்வது சரி. 1890–91-ல் ஆட்லர், சலிவன் என்ற கட்டடக் கலைஞர்கள் யூதர்களின் ஜெப ஆலயமாகக் கட்டியது. ஆட்லரின் அப்பா அந்தச் சபையின் ரபியாக இருந்தவர். 1922-ல் பில்கிரிம் சபை வாங்கியது. 2006 ஜனவரி 6 அன்று கூரையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது தீப்பிடித்து உள்ளே எல்லாம் போய்விட்டது. கெட்டியான சுண்ணாம்புக்கல் சுவர்கள் மட்டும் மிச்சம். அவற்றை வெளியிலிருந்து இரும்புச் சட்டங்களால் தாங்கிப் பிடித்திருந்தார்கள். காஸ்பல் இசைக்கான தேசிய அருங்காட்சியகம் இங்கே வரவேண்டும் என்பது பல வருட முயற்சி. சீக்கிரம் வரட்டும். நாற்பது வருடத்துக்கும் மேலாக டார்சி பாடகர் குழு நடத்திய இடம். காஸ்பல் பாடகி மஹேலியா ஜாக்சன் பாடிய இடம்.

மஹேலியாவுக்குப் பாடச் சொல்லிக்கொடுத்தவர்களில் டார்சியும் ஒருவர். இருவரும் தெருமுனைகளில் நின்று பாட்டுத் தாள்கள் விற்றிருக்கிறார்கள். 1937-ல் அவருக்காக டார்சி எழுதிய சமாதானப் பள்ளத்தாக்குப் பாட்டை 20 வருடம் கழித்து எல்விஸ் பிரெஸ்லி தொலைக்காட்சியில் பாடினார். சபைகள் வெளியே போகச் சொன்ன இசை, அமெரிக்காவின் வரவேற்பறைக்கே வந்துவிட்டது.

மத்தியானம் 67-ஆவது தெருவில் ஓக் வுட்ஸ் கல்லறைத் தோட்டம். ஜெஸ்ஸி ஓவன்ஸ், ஐடா பி. வெல்ஸ், மேயர் ஹெரால்ட் வாஷிங்டன் எல்லாரும் இங்கேதான். டார்சி 1993 ஜனவரி 23-ல், 93 வயதில் இறந்தார். கல்லறையில் கொஞ்ச நேரம் ஜெபித்துவிட்டு வந்தேன்.

செவ்வாய் – செயின்ட் லூயிஸ்

ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். இரண்டு பக்கமும் சோளம். 1932 ஆகஸ்டில் டார்சி இந்தத் தூரத்தைத் தன் ஃபோர்டு காரில் கடந்தார். செயின்ட் லூயிஸில் எழுப்புதல் கூட்டம். அதில் பாட வேண்டும். நெட்டி நிறைமாதம். போகவா வேண்டாமா என்று தயங்கியே கிளம்பியிருக்கிறார். கொஞ்ச தூரம் போனதும் பாட்டுத் தாள்கள் வைத்திருந்த பெட்டியை மறந்தது தெரிந்து திரும்பி வந்தார். நெட்டி தூங்கிக்கொண்டிருந்தார். இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எழுப்பாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் இரவு மேடையில் பாடி உட்கார்ந்தபோது ஒரு பையன் தந்தியைக் கொண்டு வந்து கொடுத்தான். மனைவி இறந்துவிட்டார். ஜனங்கள் இன்னும் பாடிக்கொண்டும் கைதட்டிக்கொண்டும் இருந்தார்கள். வீட்டுக்கு ஓடினார். ஆண் குழந்தை பிறந்திருந்தது. அதுவும் அன்றிரவே போய்விட்டது. தாயையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வைத்துப் புதைத்தார்.

எந்தக் கூட்டம், எந்தக் கட்டடம் என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை நான் செய்யவில்லை. மிசிசிப்பி ஆற்றங்கரைப் படிகளில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். ஊழியத்துக்குப் போன இடத்தில் இப்படி ஒரு செய்தி வந்தால்? ஆண்டவர் தனக்கு அநியாயம் செய்துவிட்டார் என்று தோன்றியதாக அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். காஸ்பலை விட்டுவிட்டுப் பழைய ஜாஸ் உலகத்துக்கே போய்விடலாம் என்றும் நினைத்தாராம். போயிருந்தால் யார் குறை சொல்வார்கள்? 1921-ல் 40 டாலருக்குப் போனவர், 1928-ல் இசைத்தட்டுக்குப் போனவர், இப்போது போக உண்மையான காரணம் இருந்தது. இந்த முறை போகவில்லை. அவருடைய மனந்திரும்புதலுக்கு ஒரு நாள் குறிக்கச் சொன்னால் நான் மாநாட்டு நாளையும் குறிக்க மாட்டேன், பிஷப் ஜெபித்த நாளையும் குறிக்க மாட்டேன். நெட்டி போன பிற்பாடு பியானோவில் போய் உட்கார்ந்த அந்தச் சாயங்காலத்தைத்தான் குறிப்பேன்.

சில நாள் கழித்து ஃப்ரை அவரைச் சிகாகோவில் போரோ கல்லூரிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு அறையில் பியானோ. விரல்கள் பழைய ஞானப்பாட்டு ஒன்றின் மெட்டில் போய் நின்றன. 'மெய்ட்லாண்ட்' என்ற மெட்டு, 1844-ல் ஜார்ஜ் ஆலன் போட்டது; நம்மில் பலருக்கு, இயேசு மட்டும் சிலுவை சுமப்பதா என்று கேட்கிற ஆங்கிலப் பாட்டாகத் தெரியும். அந்த நான்கு வரி மெட்டை டார்சி இழுத்தார், வளைத்தார், அடிக்கும் அடிக்கும் நடுவே மூச்சு விட இடம் வைத்தார். நிக்ஸிடம் கேட்டதும், கொட்டகையில் பார்த்ததும், போலீஸுக்குப் பயந்து மெதுவாக வாசித்ததும் எல்லாம் அந்த விரலில் இருந்தன. என் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று கேட்கிற வார்த்தைகள் தாமாக வந்தன. அடுத்த ஞாயிறு எபனேசர் சபையில் ஃப்ரை பாட, டார்சி வாசித்தார்.

இரவு விடுதியின் கூடத்தில் ஒரு பியானோ சும்மா கிடந்தது. வரவேற்பில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டு, அந்த மெட்டை முதலில் புத்தகத்தில் உள்ளபடி வாசித்தேன். அப்புறம் டார்சி போல, இரண்டாவது வரியில் மூன்றாம் சுரத்தைக் கொஞ்சம் இறக்கி, தாமதித்து. அதே மெட்டுதான். புத்தகத்தில் உள்ளபடி வாசிக்கும்போது அது ஒரு தீர்மானம்; தாமதித்து வாசிக்கும்போது ஒருவன் விழாமல் இருக்க எதையாவது பிடிக்கத் தடவுவது கேட்கிறது.

புதன் – மெம்ஃபிஸ்

வாடகைக் கார் எடுத்து ஆற்றோடு தெற்கே வந்தேன். லொரெய்ன் மோட்டல் இப்போது தேசிய குடிமை உரிமைகள் அருங்காட்சியகம். 306-ஆம் அறையின் வராந்தாக் கம்பியில் மலர்வளையம். கீழே 1959-ஆம் வருட டாட்ஜ், 1968-ஆம் வருட காடிலாக் கார்கள்.

1968 ஏப்ரல் 4 மாலை மார்ட்டின் லூதர் கிங் இந்த வராந்தாவில் நின்று கீழே இருந்த சாக்ஸபோன் கலைஞர் பென் பிராஞ்சோடு பேசினார். இன்றிரவு கூட்டத்தில் "பிரெஷஸ் லார்ட்" வாசியுங்கள், அழகாக வாசியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆறு மணி தாண்டி ஒரு நிமிடத்தில் துப்பாக்கி வெடித்தது. அடக்க ஆராதனையில் மஹேலியா ஜாக்சன் அந்தப் பாட்டைப் பாடினார். முற்றத்தில் நின்று மேலே பார்க்கும்போது பிராஞ்சுக்கும் கிங்குக்கும் நடுவே இருந்த தூரம் எவ்வளவு குறைவு என்று தெரிகிறது. குரலை உயர்த்தாமலே பேசிக்கொள்ளலாம்.

ஒரு துக்க வீட்டில் பிறந்த பாட்டு எத்தனையோ துக்க வீடுகளுக்குப் போயிருக்கிறது. டார்சி பிறகு புளூஸைப் பழித்துப் பேசி நான் படித்ததில்லை. மனசு பாரமாக இருக்கும்போது பாடுவது அது, இதுவும் அதுதான் என்ற தொனியிலேயே கடைசி வரை பேசினார். பழைய மேடையைத் தூற்றினால்தான் புதிய விசுவாசம் உறுதிப்படும் என்று நம்மிடம் ஒரு எண்ணம் இருக்கிறது. புதிதாக வருகிற பாடகனிடம் முதலில் அவன் வாத்தியத்தைக் கீழே வைக்கச் சொல்கிறோம். அதை வைத்துக்கொண்டே உள்ளே வா என்று சொல்ல ஒரு பில்கிரிம் சபையும் ஒரு சேலி மார்ட்டினும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த வாரம் முழுக்கப் பார்த்தேன்.

சாயங்காலம் நகரின் தென்பகுதிக்கு ஓட்டிப் போனேன். சோல் பாடகர் அல் கிரீன் புகழின் உச்சியில் இருந்தபோது மனந்திரும்பி, 1976-ல் தொடங்கிய ஃபுல் காஸ்பல் டாபர்நாக்கல் சபை இங்கே இருக்கிறது. அவரும் சபை தொடங்கிய பிறகு சில வருடம் காதல் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார். 1979-ல் மேடையிலிருந்து விழுந்ததைத் தேவ எச்சரிப்பாக எடுத்துக்கொண்டு பல வருடம் ஆண்டவர் பாட்டை மட்டும் பாடினார். பிறகு பழைய பாட்டுகளையும் சேர்த்துப் பாடத் தொடங்கினார். டார்சி வழியில் இன்னொருவர். வார நாள் என்பதால் ஆராதனை இல்லை. வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். நாளை காலை அட்லாண்டாவுக்கு விமானம். அடுத்த முறை மெம்ஃபிஸில் ஒரு ஞாயிறு வரும்படி பயணத்தைப் போட வேண்டும்; அக்கா மகனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.